பெயர் ஒன்று, ஆள் பலர்



சென்னைத் துறைமுகத்தின் வாசலில் ஒரு ஜார்ஜ் டவுன் இருக்கிறது. நாம் கூடியிருக்கும் பினாங்கின் இந்த ஊரும் ஜார்ஜ் டவுன். 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் 1973 வரை இரண்டையும் இணைத்து ஓடியது. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, வங்கக் கடலைத் தாண்டி இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அதில் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த அவையில் இருக்கிறீர்கள்.

இரண்டு ஊருக்கும் பெயர் ஒன்று. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் வேறு வேறு. 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றியபோது இங்கிலாந்தை ஆண்டவர் மூன்றாம் ஜார்ஜ். அவர் பெயர் இந்த நகரத்துக்கு வந்தது. சென்னையில் வெள்ளையர் ‘கறுப்பர் நகரம்’ என்று அழைத்துவந்த பகுதிக்கு 1911-இல் ஐந்தாம் ஜார்ஜின் பெயரை இட்டார்கள். அதற்கு அருகிலேயே நிற்கும் கோட்டையின் ஜார்ஜ் அரசரே அல்லர், கிறித்தவப் புனிதர். பினாங்குத் தீவுக்கு லைட் சூட்டிய பெயர் ‘வேல்ஸ் இளவரசர் தீவு’. அந்த இளவரசர் பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆனார். ஆக, மகனுக்காகத் தீவும் தந்தைக்காக நகரமும் பெயர் பெற்றன. நான்கு ஜார்ஜுகள். ஒருவரை மற்றொருவராகக் குழப்பிக்கொள்ளாமல் இதை இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அரசர்களுக்கு எண் இருக்கிறது. எந்த ஆண்டு பிறந்தார், எந்த ஆண்டு முடிசூடினார் என்ற குறிப்பு இருக்கிறது.

ரஜுலா கப்பலில் வந்த முனியாண்டிகளுக்கும் லெட்சுமிகளுக்கும் காதர் மைதீன்களுக்கும் அப்படிப்பட்ட குறிப்பு எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். பினாங்குத் தமிழர் வரலாற்றை எழுத வேண்டும் என்ற ஆர்வம் இப்போது இளைஞர்களிடம் வந்திருக்கிறது. பழைய கல்லறை எழுத்து, கோயில் நன்கொடைப் பட்டியல், பள்ளிக்கூடப் பதிவேடு என்று தேடித்தேடிப் படம் எடுக்கிறார்கள். பெருமையாக இருக்கிறது. ஆனால் அப்படித் தேடுகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் பெயர்தான். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அவர்களை ஒருவராக ஆக்கிவிடுகிறோம். ஒரே ஆள் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தால் அவரை இருவராக வெட்டிவிடுகிறோம். இரண்டுமே ஒரு மனிதருக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து.

இதில் தமிழர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஔவையாரிடமிருந்து தொடங்குகிறேன்.

சங்கத் தொகை நூல்களில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. இந்த ஔவையார் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் இருந்தவர். தொண்டைமானிடம் தூது போனவர். தலைவன் அதியமானோடு அமர்ந்து கள் அருந்தியவர். அவன் இறந்தபோது அந்த நாட்களை நினைத்துக் கதறியவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மூதுரையும் நல்வழியும் இவர் எழுதியவை அல்ல. அவற்றின் மொழி பிற்கால மொழி, யாப்பு பிற்கால யாப்பு. அவற்றில் வரும் பிள்ளையார் வழிபாடு சங்கப் பாடல்களில் இல்லாதது. அவற்றை எழுதியவர் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த இன்னொரு பெண் புலவர். விநாயகர் அகவலையும் ஔவைக்குறளையும் பாடியவர் யோக நெறியில் ஆழ்ந்தவர். அவரை மூன்றாமவராகக் கொள்ளும் அறிஞர்கள் பலர். ஔவை என்பது முதிய பெண்ணை மரியாதையோடு குறிக்கும் பெயராகவும் இருந்ததால் அது ஒரு காலத்தோடு நிற்காமல் அடுத்தடுத்த புலவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

மக்கள் மனம் இத்தனை பேரையும் ஒரே மூதாட்டியாகச் சேர்த்தது. நடுவில் கிடந்த நூற்றாண்டுகளைத் தாண்ட அதற்கு ஒரு வழியும் கிடைத்தது. நெடுநாள் வாழ வைக்கும் நெல்லிக்கனியை அதியமான் ஔவையாருக்குக் கொடுத்தான் என்பது சங்கச் செய்தி. அந்தக் கனியை உண்டவர் கம்பர் காலம் வரைக்கும் இருந்திருக்க மாட்டாரா என்று கதை நீண்டது. 1953-இல் ஜெமினி நிறுவனம் எடுத்த ‘ஔவையார்’ படத்தில் கே. பி. சுந்தராம்பாள் எல்லா ஔவையாராகவும் ஒருவராகவே நடித்தார். தமிழ்நாட்டிலும் மலாயாவிலும் அந்த முகம்தான் ஔவையாரின் முகமாகப் பதிந்தது. சுந்தராம்பாளின் குரலை நான் போற்றுகிறேன். ஆனால் ஒரு பெண்ணைக் கொண்டாடுவதாக நினைத்து நாம் இரண்டு மூன்று பெண்களைத் தொலைத்துவிட்டோம் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெண் புலவர்கள் பெயரே அரிதாகக் கிடைக்கும் இலக்கிய வரலாற்றில் இது சிறிய இழப்பு அன்று.

இழப்பு ஔவையாரோடும் நிற்கவில்லை. பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு மன்னர்களிடம் போய் அவர்களுக்கு வாழ்வு தேட முயன்றவர் கபிலர். புறநானூறு இதைத் தெளிவாகச் சொல்கிறது. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததை அது குறிப்பிடுகிறது. அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் அந்த ஊர்க்காரர்களுக்கு அது கபிலர் செய்த காரியம் என்பது நினைவிருந்தது. பின்னால் வந்த கதைகள் அந்தப் பெண்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயர் சூட்டி, மணம் முடித்து வைத்தவர் ஔவையார் என்று மாற்றின. எல்லா ஔவையாரையும் சேர்த்து ஒரே பெரிய ஔவையாரை உண்டாக்கியபோது, பக்கத்தில் இருந்த கபிலரின் நட்பும் துயரமும் அந்தப் பெரிய உருவத்துக்குள் போய்விட்டன. பெயர்க் குழப்பம் பெயரில் தொடங்கினாலும் செயலைப் பறிப்பதில் போய் முடிகிறது.

கபிலருக்கும் இது நேர்ந்தது. சைவத்தின் பதினோராம் திருமுறையில் கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார், நக்கீரதேவ நாயனார் என மூவர் பாடல்கள் உள்ளன. மரபு இவர்களைச் சங்கக் கபிலர், பரணர், நக்கீரராகவே கொண்டது. மொழியும் பொருளும் ஒத்துவரவில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் பிரித்தார்கள். பட்டினத்தார் நிலையும் இதுவே. பதினோராம் திருமுறைப் பட்டினத்தார் வேறு, சித்தர் மரபில் பாடிய பட்டினத்தார் வேறு.

இவ்வளவு குழப்பத்துக்கும் நம் முன்னோர் அக்கறையற்று இருந்ததுதான் காரணமோ என்று தோன்றலாம். சங்கத் தொகைகளைத் தொகுத்தவர்கள் வைத்துவிட்டுப் போன பெயர்களைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். உறையூர் மருத்துவன் தாமோதரனார். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார். ஊர் இருக்கிறது. ஊருக்குள் சேரி இருக்கிறது. தானியம் விற்றவரா, துணி விற்றவரா, வைத்தியம் பார்த்தவரா என்பது இருக்கிறது. அப்பா பள்ளி ஆசிரியர் என்பது இருக்கிறது. அந்தக் காலத்தில் கீரன், சாத்தன், நாகன், கண்ணன் ஆகிய பெயர்கள் தெருவுக்குத் தெரு இருந்திருக்கும். தொகுத்தவர்களுக்கு அது தெரியும். அதனால் இந்தச் சாத்தன் எந்தச் சாத்தன் என்று பின்னால் வருகிறவன் திண்டாடக் கூடாது என்று ஒவ்வொரு பாட்டின் கீழும் எழுதி வைத்தார்கள். 1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அந்த அடிக்குறிப்புகள்தான் பாடியவர் யார், பாடப்பட்டவர் யார் என்று வகுக்க அவருக்குத் துணையாக இருந்தன.

பெயர் தெரியாமல் போன புலவர்களைக்கூட அவர்கள் கைவிடவில்லை. பாட்டில் உள்ள ஓர் அரிய தொடரை எடுத்துப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார், தேய்புரிப் பழங்கயிற்றினார். இந்தப் பெயர்களில் இன்னொருவர் இருக்கவே முடியாது. பெயரை இழந்தவர்கள்தான் தமிழில் யாரோடும் குழம்பாத பெயர் பெற்றவர்கள் என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும் செய்தி.

அரசர்களுக்கு அவர்கள் கையாண்ட முறை இன்னும் ஆழமானது. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்று வென்ற போரால் பிரித்தார்கள். வெற்றி போதாதபோது இறந்த இடத்தால் பிரித்தார்கள். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன். இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். ஒருவன் எந்த இடத்தில் கண்மூடினான் என்பதை ஊர் மறக்காது என்று அவர்கள் நம்பினார்கள். பாலையைச் சிறப்பாகப் பாடிய சேரனைப் பாலை பாடிய பெருங்கடுங்கோ என்றே அழைத்தார்கள். ஐரோப்பா போட்ட எண்ணைக் காட்டிலும் இது மனிதனுக்கு நெருக்கமான அடையாளம். எண் வரிசையைச் சொல்கிறது. இது வாழ்க்கையைச் சொல்கிறது.

சோழர்கள் இந்த அக்கறையில் பாதி வழி வந்தார்கள். இராசகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள். ‘கோப்பரகேசரிக்கு யாண்டு ஐந்தாவது’ என்று மட்டும் ஒரு கல்வெட்டு இருந்தால் அது முதலாம் பராந்தகனா, இரண்டாம் ஆதித்தனா, உத்தம சோழனா என்று கண்டுபிடிக்க எழுத்து வடிவத்தையும் அதில் வரும் அதிகாரிகளின் பெயரையும் பார்த்துப் பார்த்துக் கணிக்க வேண்டும். ‘மதுரை கொண்ட’ என்று ஓர் அடை சேர்ந்துவிட்டால் போதும், அது பராந்தகன். இந்தத் தீவுக்கு எதிரே உள்ள கெடாவோடு தொடர்புடைய இராசேந்திரனையும் அப்படித்தான் அறிகிறோம். இராசேந்திரன் என்ற பெயரில் மூன்று சோழ மன்னர்கள் உண்டு. முதலாம் குலோத்துங்கனின் இளமைப் பெயரும் இராசேந்திரன்தான். தாய்வழிப் பாட்டனின் பெயர். இத்தனை பேரில் கடாரம் கொண்டவன் என்றால் ஒருவன்தான்.

இந்த மண்ணிலேயே கிடைத்த ஒரு சான்றைச் சொல்ல வேண்டும். 1834-இல் கேப்டன் ஜேம்ஸ் லோ என்பவர் செபராங் பிறையில், அன்றைய வெல்லெஸ்லி மாகாணத்தில், ஒரு கல்லைக் கண்டெடுத்தார். நடுவில் தூபி வடிவம், சுற்றிலும் சமஸ்கிருத வாசகம். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை எழுதச் செய்தவர் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கிறார்? பெருங்கப்பலோட்டி, புத்தகுப்தன், இரக்தமிருத்திகை என்ற ஊரில் வாழ்பவன். பெயர், தொழில், ஊர் மூன்றும் இருக்கின்றன. அந்த ஊரை வங்காளத்தின் முர்சிதாபாத் பகுதியில் அடையாளம் காண்கிறார்கள். ஏறத்தாழ இதே பெயருள்ள குப்தப் பேரரசர் ஒருவர் அதே நூற்றாண்டில் வட இந்தியாவை ஆண்டார். இந்த மாலுமியை அவரோடு குழப்ப இடமே இல்லை. கடல் கடந்து வந்த ஒருவன், தன்னை அறியாதவர்கள் நடுவில், தான் யார் என்று முழுமையாகச் சொன்னான். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆகியும் அவன் தொலையவில்லை.

செங்கடல் கரையில் எகிப்தின் குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த பானை ஓடுகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் நூற்றாண்டு. தமிழி எழுத்தில் ஒன்றில் கண்ணன், ஒன்றில் சாத்தன். வேறு ஒரு சொல்லும் கிடையாது. எந்த ஊர்ச் சாத்தன், என்ன வாணிகம் செய்த சாத்தன், எவர் மகன்? அவன் அங்கே போயிருந்தான் என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியவில்லை.

பினாங்குக்கு வருவோம். இங்கே ஒரே பெயர் பலருக்கு வந்ததற்கு மூன்று வேறு வேறு காரணங்கள் உண்டு.

முதலாவது, பக்தி. 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலோடு சேர்த்துச் சொல்லப்படும் காதர் முகைதீன் மரைக்காயரின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்தாதில் வாழ்ந்து 1166-இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியின் பெயரும், முகைதீன் என்ற அவருடைய சிறப்புப் பெயரும் சேர்ந்தது அது. சோழமண்டலக் கரையில் நாகூர், காரைக்கால், நாகப்பட்டினம் எங்கும் வீட்டுக்கு வீடு ஒரு காதர் முகைதீன் இருந்தார். நாகூர் ஆண்டவர் மேல் வைத்த அன்பால் இன்னொரு வீட்டில் ஷாகுல் ஹமீது. அந்த மக்கள் இங்கு வந்து சூலியா தெருவில் நாகூர் தர்காவின் பெயரிலேயே ஒரு நினைவில்லமும் எழுப்பினார்கள். ஊர்ப் பெயரும் கடல் தாண்டி வந்தது, ஆள் பெயரும் வந்தது. ஆங்கிலேய எழுத்தர்கள் இந்தப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். காதர், காடர், கவுடர். மைதீன், முகைதீன், மொகுதீன். பழைய பினாங்கு ஆவணத்தில் இரண்டு எழுத்துக் கூட்டல் இருந்தால் இரண்டு ஆள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே கூட்டல் இருந்தால் ஒரே ஆள் என்றும் எண்ணிவிடக் கூடாது.

பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ இதழின் ஆசிரியராக இருந்த நாகூர் குலாம் காதிறு நாவலரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. அவர் பெயரிலும் அதே காதிர். நாவலர் என்றால் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை மட்டும் நினைப்பவர்கள் இவரைத் தவற விடுகிறார்கள். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது புலவர்கள் இவரை நான்காம் தமிழ்ச் சங்கத்து நக்கீரர் என்று போற்றினார்கள். சங்க நக்கீரர், இறையனார் களவியலுக்கு உரை கண்டதாகச் சொல்லப்படும் நக்கீரர், திருமுறை நக்கீரதேவ நாயனார் என்ற வரிசையில் பினாங்கில் இதழ் நடத்திய ஓர் இசுலாமியத் தமிழ்ப் புலவரும் வந்து சேர்ந்தார். இது குழப்பம் இல்லை. தெரிந்தே கொடுத்த மரியாதை. அதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அதே மதுரைச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழுக்கு முதல் ஆசிரியர் ரா. இராகவையங்கார், அடுத்த ஆசிரியர் மு. இராகவையங்கார். இருவரும் உறவினர், இருவரும் சேதுபதி அவையோடு தொடர்புள்ளவர்கள், இருவரும் சங்க இலக்கிய ஆராய்ச்சியாளர்கள். இருவரையும் பிரிப்பது ஒரே ஓர் எழுத்து. அச்சில் அந்த எழுத்து விழுந்துவிட்டால் ஒருவருடைய உழைப்பு இன்னொருவர் கணக்கில் சேரும்.

இரண்டாவது காரணம், குடும்ப வழக்கம். பேரனுக்குத் தாத்தா பெயர். நகரத்தாரிடம் இது மிக உறுதியாக நின்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலை செட்டியாரின் தந்தை பெயர் முத்தையா. மகன் பெயரும் முத்தையா. இந்தத் தீவின் கிட்டங்கிகளில் நூறு ஆண்டுக் கணக்கேடுகளைப் புரட்டினால் ஒரே பெயர் விட்டு விட்டுத் திரும்ப வரும். ஆனால் அவர்கள் தொழில் பணம் கொடுத்து வாங்குவது. ஆள் மாறினால் பணம் மாறும். அதனால் விலாசம் என்ற ஏற்பாட்டை வைத்தார்கள். பாட்டன், தந்தை, தன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த மூன்று நான்கு எழுத்து, அதோடு ஒன்பது கோயில்களில் எந்தக் கோயில், எந்த ஊர், வீட்டுக்கு என்ன பெயர். இத்தனையும் சொன்னபின் ஒரு முத்தையாவை இன்னொரு முத்தையாவாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. கடனும் வரவும் பெயரை எவ்வளவு கவனமாகக் காத்தன என்பதற்கு இது சான்று.

மலாயாவின் தோட்டங்களில் அந்தக் கவனம் இல்லை. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு வந்து நின்றவர்களில் மூன்று முனியாண்டி, நான்கு லெட்சுமி, இரண்டு ஆறுமுகம். தோட்டக் கணக்கரான கிராணியின் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், அவர்களுக்கு எண் இருந்தது. அந்த எண் கூலி கணக்குப் பார்க்க. சக தொழிலாளிகள் வைத்த பெயர்தான் ஆளைக் காட்டியது: நெட்டை முனியாண்டி, மேட்டு லயத்து முனியாண்டி, மாட்டுக்கார முனியாண்டி. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத அந்தத் தொழிலாளர்கள் உறையூர் மருத்துவனையும் மதுரை அறுவை வாணிகனையும் பிரித்தறிந்த அதே முறையைத் தாங்களாகவே கைக்கொண்டார்கள். வேல்ஸ் நாட்டிலும் ஜோன்ஸ்கள் பெருகியபோது பால்கார ஜோன்ஸ், தபால்கார ஜோன்ஸ் என்றுதான் ஊர் பிரித்தது. 1879-இல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டையில் விக்டோரியா சிலுவை பெற்ற இரண்டு ஜோன்ஸ்களின் படை எண்கள் 716, 593 என்று இன்றும் பதிவில் இருக்கின்றன. நம் தோட்டங்களிலோ மாட்டுக்கார முனியாண்டி என்ற பெயர் வாயோடு போயிற்று. செக்ரோலும் பெரும்பாலும் போயிற்று.

மூன்றாவது காரணம் நான் முழுமனதோடு வரவேற்கும் ஒன்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி இந்தப் பினாங்கில் வந்து இறங்கினார். அந்தக் காற்று மலாயா முழுவதும் வீசியது. வால் அறுந்தபோது ஒரு ராமசாமிக்கும் இன்னொரு ராமசாமிக்கும் இருந்த வேறுபாடும் ஓரளவு குறைந்தது. பிறகு தமிழ்ப் பெயர் இயக்கம் வந்தது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். நம் வீடுகளில் இளங்கோ, பாரி, கபிலன், கயல்விழி என்று பெயர்கள் வந்தன. விரைவிலேயே வகுப்புக்கு மூன்று இளங்கோ. சாதியைச் சொல்லி ஆளைப் பிரிப்பதைவிட மூன்று இளங்கோக்கள் இருப்பது ஆயிரம் மடங்கு மேல். பிரித்தறியச் சாதி தேவையில்லை. ஊரும் தொழிலும் பெற்றோரும் போதும். சங்கத் தொகையாளர்கள் அதைக் காட்டியிருக்கிறார்கள்.

பெயர் ஒன்றாக இருப்பதை ஏமாற்றுவதற்குப் பயன்படுத்துவதும் நடக்கிறது. 2024-இல் தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது அதே முதலெழுத்தோடு அதே பெயருள்ள பலர் வேட்பாளர்களாக நின்றார்கள். இத்தகைய குழப்பத்துக்காகவே இந்தியத் தேர்தல் ஆணையம் 2015 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் படத்தைச் சேர்க்கிறது.

மலேசியத் தமிழர்களாகிய நமக்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தந்தையின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. மு. என்றால் முருகனா, முத்துவா, முனுசாமியா என்று வெளியார் அறிய முடியாது. நம் அடையாள அட்டையில் இன்னார் மகன், இன்னார் மகள் என்று தந்தை பெயர் முழுதாக நிற்கிறது. பன்னிரண்டு இலக்க எண் பிறந்த நாளையும் பிறந்த மாநிலத்தையும் சொல்கிறது. 07 என்றால் பினாங்கு. அரசாங்கத்துக்கு இது போதும். குடும்ப வரலாற்றுக்குப் போதாது. அம்மா பெயர் அந்த வரியில் இல்லை. பாட்டன் எந்தச் சீமையிலிருந்து வந்தார் என்பது இல்லை. லெட்சுமி, லெச்சுமி, லட்சுமி என்று உடன்பிறந்தவர்களின் தாய்ப் பெயரே பிறப்புச் சான்றிதழ்களில் மூன்று விதமாக இருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு.

பெயர் பதியப்படாமல் போவதன் கடைசி எல்லை என்னவென்று சயாம் சொல்கிறது. 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்வீரர்கள் கிடக்கிறார்கள். அடையாளம் தெரிந்த ஒவ்வொருவருக்கும் பெயர், படைப்பிரிவு, எண், இறந்த நாள். ஒரே பெயரில் இரண்டு வீரர்கள் இருந்தாலும் இரண்டு கல். நம் தொழிலாளர்களுக்குத் தனித்தனிக் கல் இல்லை, முழுமையான பட்டியலும் இல்லை. எத்தனை முனியாண்டி போனார்கள், எத்தனை முனியாண்டி திரும்பினார்கள் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. இதைப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. வர வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

ஆகவே இந்த அவையில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். 1924 முதல் 2019 வரை வந்த ‘தமிழ் நேச’னிலும் பிற நாளிதழ்களிலும் வெளியான மரண அறிவிப்புகளை வெட்டி வைத்திருப்பவர்கள் தூக்கி எறியாதீர்கள். இறந்தவரின் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் அங்கே ஒன்றாக இருக்கின்றன. ஓர் ஆறுமுகத்தை இன்னோர் ஆறுமுகத்திலிருந்து பிரிக்க அதைவிட நல்ல ஆவணம் சாமானியர்களுக்குக் கிடையாது. கோயில் நிருவாகத்தினர் நன்கொடைக் கல்லில் பெயர் வெட்டும்போது ஊரையும் சேர்த்து வெட்டுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாக இதைக் கொடுங்கள்: தாத்தா, பாட்டி நால்வர் பெயர், அவர்கள் பிறந்த ஊர், பார்த்த வேலை, எந்தத் தோட்டம் அல்லது எந்தத் தெரு, அக்கம்பக்கத்தார் அழைத்த பட்டப்பெயர், அடையாள அட்டையில் உள்ள எழுத்துக் கூட்டல். பாட்டியின் பெயரை அவருடைய அம்மா பெயரோடு எழுதச் சொல்லுங்கள். எழுதிய தாளின் ஒரு படி பள்ளியில் இருக்கட்டும், ஒரு படி வீட்டில் இருக்கட்டும். எழுபது எண்பது வயதைக் கடந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். தோட்டத்தில் எந்த முனியாண்டி எந்த லயத்தில் இருந்தார் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். இந்த ஆண்டே அவர்களிடம் போய்க் கேட்டு எழுதுங்கள்.